கைத்தடியும் கைப்பேசியும்

 

சென்ற ஆண்டு ஷவ்வால் மாதத்தில் ஒரு நிக்காஹ்வுக்காகச் சென்னை சென்றிருந்தேன். என்னை அழைத்துச் செல்ல வந்து நின்றவர் முன்பு எங்கள் மதரஸாவில் ஓதிய மாணவர். பிறவியிலேயே பார்வையற்றவர். முப்பது ஜுஸ்வையும் காதால் கேட்டுக் கேட்டே மனனம் செய்தவர். இன்று சென்னையில் ஓர் அலுவலகத்தில் பணியாற்றுகிறார். அழைத்துச் செல்ல வந்தவர் அவர்தான் என்றாலும், அவரை அழைத்துச் செல்ல வேண்டியவன் நான்தான் என்ற எண்ணம் எனக்கு.

மெட்ரோ ரயிலில் சென்று ஒரு சுரங்க நிலையத்தில் இறங்கினோம். அவருக்கும் அது புதிய நிலையம். நான் வழக்கம்போல அவருடைய மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தேன். நகரும் படிக்கட்டின் அருகே வந்ததும், "அதோ, அந்தப் படியில்தான் ஏற வேண்டும், தம்பி" என்றேன். சொல்லி முடித்த பிறகே யாரிடம் "அதோ" என்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. அவர் சிரித்துவிட்டார்.

"ஹஜ்ரத், என் கையை விட்டுவிடுங்கள். உங்கள் முழங்கையை நான் பிடித்துக்கொள்கிறேன். நீங்கள் அரை அடி முன்னால் நடந்தால் போதும். படி வந்தால் உங்கள் உடம்பு உயர்வதும் தாழ்வதும் எனக்குத் தெரிந்துவிடும்" என்றார்.

இருபது ஆண்டுகளாக அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். ஒருமுறையும் அவர் இதைச் சொன்னதில்லை. ஆசிரியரிடம் எப்படிச் சொல்வது என்று இருந்திருப்பார்.

மேலே ஏறியதும் எந்த வாயில் வழியாக வெளியேறுவது என்று தெரியவில்லை. என் கைப்பேசியை எடுத்து வரைபடச் செயலியைத் திறந்தேன். நாங்கள் நிற்கும் இடத்தைக் காட்ட வேண்டிய நீலப் புள்ளி, சாலைக்கு அப்புறம் ஏதோ ஒரு கடைக்குள் நின்றுகொண்டிருந்தது. சிறிது நேரத்தில் அங்கிருந்து தாவி வேறொரு தெருவுக்குப் போயிற்று. விவரத்தைச் சொன்னேன். "பூமிக்கடியில் வந்துவிட்டால் உங்கள் கைப்பேசியும் என்னைப் போலத்தான், ஹஜ்ரத்" என்றார் அவர். பிறகு, "லண்டன் சுரங்க ரயிலில் இதற்கு ஒரு வழி தேடினார்கள். படித்துப் பாருங்கள், உங்கள் பத்தியில் எழுதலாம்" என்றார். படித்தேன், அதைத்தான் இம்மாதம் எழுதுகிறேன்.

கைப்பேசி நமக்கு வழி காட்டுவது விண்கோள்களின் துணையால் என்பதை இப்போது பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அந்தக் கோள்களுள் நான்கின் சமிக்ஞையாவது ஒரே நேரத்தில் கிடைத்தால்தான் கைப்பேசி தன் இடத்தைக் கணக்கிட முடியும். அவ்வளவு தொலைவிலிருந்து வரும் அலை மிகவும் மெலிந்தது. மண்ணையும் காங்கிரீட்டையும் ஊடுருவி அது நிலையத்திற்குள் இறங்காது. தெருவில் நமக்கு வழி சொல்லிக்கொண்டே வந்த செயலி, படியிறங்கியதும் ஊமையாகிவிடுவது இதனால்தான். கண்ணுள்ளவருக்கு இது பெரிய இழப்பன்று. பெயர்ப்பலகை இருக்கிறது, அம்புக்குறி இருக்கிறது, முன்னால் போகிற கூட்டமும் இருக்கிறது. பார்வையற்றவருக்கோ தெருவில் இருந்த துணையும் வாசலோடு போய்விடுகிறது.

உலகின் முதல் சுரங்க ரயில் லண்டனில்தான் ஓடியது. 1863 ஆம் ஆண்டு ஜனவரி 10 ஆம் நாள் பாடிங்டனுக்கும் ஃபாரிங்டனுக்கும் இடையே, நீராவி எஞ்சின் இழுக்க, புகை சூழ்ந்த சுரங்கத்தில் அது புறப்பட்டது. (இரண்டாவது எது என்று மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். உதுமானியரின் தலைநகரான இஸ்தான்பூலில் 1875 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 'தூனெல்' அது. அரை கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவுதான், இன்றும் ஓடுகிறது.) இன்று லண்டன் பாதாள ரயிலுக்கு 11 தடங்கள், 272 நிலையங்கள், சுமார் 400 கிலோமீட்டர் நீளம். ஹாரி பெக் என்பவர் வரைந்து 1933 இல் வெளிவந்த அதன் வரைபடம் உலகப் புகழ் பெற்றது. மின்சுற்றுப் படம்போல நேர்கோடுகளாலும் வண்ணங்களாலும் எந்தத் தடம் எங்கே எதைச் சந்திக்கிறது என்பதை ஒரே பார்வையில் காட்டிவிட்டார். "ஒரே பார்வையில்" என்று எழுதும்போதே அதன் குறை புரிகிறது. பார்வை இல்லாதவருக்கு அந்தப் படம் வெறும் தாள்.

லண்டன் நிலையங்களில் பார்வையற்றவர் உதவி கேட்டால், ஊழியர் ஒருவர் கூட வந்து ரயிலில் ஏற்றிவிடுவார். இறங்கும் நிலையத்துக்கும் செய்தி சொல்லி அனுப்புவார். நல்ல ஏற்பாடு. ஆனால் பார்வையற்ற இளைஞர்களுக்கு வேறோர் ஆசையும் இருந்தது. ஊழியர் வரும்வரை காத்திராமல், எல்லோரையும் போலத் தாமே நகரத்தில் நடமாட வேண்டும் என்பது அது. லண்டன் பார்வையற்றோர் அரச சங்கமும் அஸ்டூ என்னும் வடிவமைப்பு நிறுவனமும் இந்த ஆசையைக் கையில் எடுத்தன. 'வேஃபைண்டர்' என்னும் திட்டம் பிறந்தது. விக்டோரியா தடத்தில் உள்ள பிம்லிகோ நிலையத்தில் 2015 ஆம் ஆண்டு சோதனை நடத்தினார்கள். ஒரே தடம் மட்டும் வந்து செல்லும் நிலையம் அது. பிறகு அதைவிடப் பெரிய, சிக்கலான யூஸ்டன் நிலையத்திலும் சோதித்தார்கள்.

செய்முறை எளிதுதான். நிலையத்தின் சுவர்களில், படிக்கட்டின் தலைப்பில், வழி பிரியும் இடங்களில் சிறு கருவிகளைப் பொருத்தினார்கள். 'பீக்கன்' என்று பெயர். கலங்கரை விளக்கு என்று சொல்லலாம். ஒளிக்குப் பதிலாகப் புளூடூத் அலையில் அது தன் அடையாள எண்ணை மட்டும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். சிறு பேட்டரியில் நெடுங்காலம் இயங்கும். பார்வையற்றவரின் சட்டைப்பையில் உள்ள கைப்பேசி அந்த எண்ணைக் கேட்டு, அலையின் வலிமையைக் கொண்டு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று மதிப்பிடும். அந்த இடத்துக்குரிய வழியைச் செயலி காதில் சொல்லும். காதை அடைக்கும் காதொலிப்பான்கள் ஆபத்தானவை என்பதால், எலும்பின் அதிர்வு வழியே ஒலியைக் கடத்தும் கருவியைக் கன்னத்தோரம் அணியச் செய்தார்கள். காது திறந்தே இருக்கும். ரயில் வரும் ஓசை, கூட்டத்தின் காலடி, தன் கைத்தடியின் தட்டல் எல்லாம் கேட்கும். பார்வையற்றவருக்குக் காதை மூடுவது நமக்குக் கண்ணைக் கட்டுவது போல என்பதை அவர்கள் முதலிலேயே புரிந்துகொண்டார்கள்.

கருவியைப் பொருத்துவதைவிடக் கடினமாக இருந்தது என்ன சொல்வது என்பதுதான். வாசகர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. நாம் ஒருவருக்கு வழி சொல்வதைக் கவனித்துப் பாருங்கள். "இப்படியே போங்கள், அங்கே ஒரு வளைவு வரும், அதோ தெரிகிறதே அந்தக் கம்பம்." நம் சொற்களில் பாதி கண்ணை நம்பியும் விரலை நம்பியும் நிற்கின்றன. இருட்டில் ஒருவருக்கு இவை எதுவும் பயன்படாது. "முப்பது மீட்டர் நடக்கவும்" என்று கணக்காகச் சொன்னாலும், நடக்கிறவருக்கு மீட்டர் எங்கே தெரியப் போகிறது? நீளமான வாக்கியம் சொன்னால் முதல் பாதி மறந்துவிடும். சுருக்கிச் சொன்னால் பொருள் கெட்டுவிடும். தாமதமாகச் சொன்னால் திருப்பத்தைத் தாண்டியிருப்பார். முன்கூட்டிச் சொன்னால் தவறான இடத்தில் திரும்பிவிடுவார். நீண்ட நடைபாதையில் ஒன்றும் சொல்லாமல் விட்டால், தவறாக வந்துவிட்டோமோ என்று கலங்கி நின்றுவிடுவார். அங்கே "நேராகச் செல்கிறீர்கள், தொடருங்கள்" என்று ஓர் ஆறுதல் சொல் வேண்டும். நகரும் படிக்கட்டு என்றால் அது மேலே போகிறதா, கீழே வருகிறதா என்று சொல்ல வேண்டும். காலடியில் புடைத்த தரை வந்தால் அதையும் அடையாளமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதுவே அவர் உறுதி செய்துகொள்ளக்கூடிய சாட்சி.

இத்தகைய பாடங்களையெல்லாம் தொகுத்து, எந்த நாட்டிலும் யாரும் பயன்படுத்தக்கூடிய ஒரு பொதுத் தரமாக எழுதி வெளியிட்டார்கள். கூகுள் நிறுவனத்தின் அறக்கொடைப் பிரிவு 2015 டிசம்பரில் 10 இலட்சம் டாலர் கொடுத்து உதவியது. ஐக்கிய நாடுகளின் அங்கமான சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2017 இல் இதனடிப்படையில் எஃப்.921 என்னும் சர்வதேசப் பரிந்துரையை ஏற்றது. ஒரு பார்வையற்றவருக்கு எப்படி வழி சொல்வது என்பதற்கு உலகத் தரம்! மனிதன் மனிதனுக்கு நாவால் செய்யும் ஒரு சிறு உதவிக்கு இத்தனை இலக்கணம் தேவைப்பட்டிருக்கிறது.

புடைத்த தரை என்றேன். அதன் வரலாறு ஜப்பானில் இருக்கிறது. செய்ச்சி மியாக்கே என்பவர் 1965 இல் இதை உருவாக்கினார். 1967 ஆம் ஆண்டு மார்ச் 18 ஆம் நாள், ஒகயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகில் உள்ள சாலைக் கடப்பிடத்தில் முதல் கற்கள் பதிக்கப்பட்டன. குமிழ்கள் இருந்தால் நில். நீண்ட கோடுகள் இருந்தால் செல். காலால் படிக்கும் எழுத்து. இன்று நம் ஊர் ரயில் நிலையங்களிலும் மஞ்சள் நிறத்தில் அவற்றைக் காண்கிறோம். பலர் அதை அலங்காரம் என்று நினைத்துப் பெட்டிகளை அதன்மேல் வைத்துவிட்டு நிற்கிறார்கள். நானும் நின்றிருக்கிறேன். 2021 இல் டோக்கியோ மெட்ரோ நிலையங்கள் சிலவற்றில் 'ஷிகாய்' என்னும் செயலி வந்தது. அந்த மஞ்சள் கற்களின்மேல் சதுரக் குறியீடுகளை ஒட்டிவைத்தார்கள். நடப்பவர் கைப்பேசியின் கேமராவைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தால், குறியீட்டைப் படித்துத் திசையைச் சொல்கிறது. லண்டன்காரர்கள் அலையை நம்பினார்கள். டோக்கியோவில் தரையை நம்பினார்கள். அலை சுவரில் பட்டுத் திரும்பும்; கூட்டம் மிகுந்தால் மனித உடல்களே அதை உறிஞ்சிவிடும். தரை இடம் மாறாது. ஆனால் நெரிசலில் குறியீட்டின்மேல் பத்துப் பேர் நின்றால் கேமராவுக்கு அது தெரியாது. இரண்டிலும் குறை உண்டு.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது, மதரஸாவில் நாங்கள் நடத்தும் ஃபிக்ஹுப் பாடம் ஒன்று என் நினைவில் வந்து நின்றது. ஜும்ஆ யார்மீது கடமை என்ற பாடத்தில் பார்வையற்றவரைப் பற்றிய சட்டம் வரும். ஷாஃபிஈ மத்ஹபில், அழைத்துச் செல்லும் ஆள் கிடைத்தால் அவர்மீது ஜும்ஆ கடமை. கூலி கொடுத்தேனும், அதற்கு வசதியிருந்தால். ஆள் கிடைக்காவிட்டால் கடமையில்லை. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் ஆள் கிடைத்தாலும் கடமையில்லை என்றார்கள்; அவர்களுடைய இரு மாணவர்களும் ஆள் கிடைத்தால் கடமை என்றார்கள். இந்த ஆளுக்கு அரபியில் 'காயித்' என்று பெயர். இங்கே ஒரு துணைக் கேள்வியும் எழும். காயித் கிடைக்கவில்லை, ஆனால் அவர் கைத்தடியை ஊன்றித் தாமே நன்றாக நடக்கக்கூடியவர். அப்போது என்ன? ஹிஜ்ரி 462 இல் மறைந்த காளீ ஹுஸைன் (ரஹ்) அவர்கள், அப்படியானால் கடமைதான் என்றார்கள். மத்ஹபில் வலுவாகக் கொள்ளப்பட்ட கருத்து, அப்போதும் கடமையில்லை என்பது.

ஆண்டுதோறும் இந்தப் பாடத்தை நடத்துகிறேன். இவ்வாண்டு ஒரு மாணவர் எழுந்து கேட்டார்: "ஹஜ்ரத், பேசும் கைப்பேசி காயித்தா, கைத்தடியா?"

வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நல்ல கேள்வி. கைத்தடி காலுக்கு முன்னால் மூன்றடியில் உள்ளதை அறிகிறது. பள்ளம், படி, கல். முப்பதடிக்கு அப்பால் வழி வலப்புறம் திரும்புவதை அதற்குத் தெரியாது. கைப்பேசிக்குத் திருப்பம் தெரியும். காலடியில் கிடக்கும் வாழைப்பழத் தோல் தெரியாது. காயித்துக்கு இரண்டும் தெரியும். ஆனால் காயித்துக்குத் தன் வேலையும் இருக்கும், அவசரமும் இருக்கும், சில நேரம் முகச்சுளிப்பும் இருக்கும். தீர்ப்புச் சொல்வது முஃப்திகளின் வேலை. நான் மாணவர்களை அபூதாவூத் நூலில் உள்ள ஒரு ஹதீஸின் பக்கம் திருப்பினேன்.

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பார்வையற்ற நபித்தோழர். அவர்கள் பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்து, தம் வீடு தொலைவில் இருப்பதையும், அழைத்து வருகிறவர் தமக்கு ஒத்துவராதவராக இருப்பதையும் எடுத்துச் சொல்லி, வீட்டிலேயே தொழுதுகொள்ள அனுமதி கேட்டார்கள். காயித் இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. இருக்கிறார், ஆனால் ஒத்துவரவில்லை என்றார்கள். பாங்கொலி கேட்கிறதா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். கேட்கிறது என்றதும், சலுகை காணவில்லை என்றார்கள். இத்பான் இப்னு மாலிக் (ரலி) அவர்களுக்கோ வீட்டில் தொழ அனுமதி கிடைத்ததுடன், நாயகமே அவர்கள் வீட்டுக்குச் சென்று தொழுதும் கொடுத்தார்கள். இவ்விரண்டையும் இணைத்து, இப்னு உம்மி மக்தூம் அவர்கள் கேட்டது ஜமாஅத்தின் சிறப்பு வீட்டிலேயே கிடைக்குமா என்பதே என்று இமாம் நவவீ (ரஹ்) போன்றோர் விளக்கினார்கள். சட்ட விளக்கம் அப்படியிருக்க, "ஒத்துவராதவர்" என்ற அந்த ஒரு சொல்லில் நான் பல நாள் நின்றுவிட்டேன். நான் எத்தனை பேருக்கு ஒத்துவராத காயித்தாக இருந்திருப்பேன்?

அந்த ஸஹாபியின் பொருட்டே திருமறையின் 80 ஆவது அத்தியாயமான 'அபஸ'வின் தொடக்க வசனங்கள் அருளப்பட்டன என்பது உங்களுக்குத் தெரியும். மதீனாவில் பிலால் (ரலி) அவர்களுடன் அவர்களும் பாங்கு சொன்னார்கள். ரமளானில் பிலால் (ரலி) இரவில் சொல்வார்கள்; இப்னு உம்மி மக்தூம் சொன்னால்தான் மக்கள் உணவை நிறுத்துவார்கள். வைகறையைக் காண இயலாத ஒருவரின் குரலுக்கு முழு மதீனாவும் காத்திருந்தது. அவர்களோ "விடிந்துவிட்டது, விடிந்துவிட்டது" என்று பிறர் சொல்லக் கேட்டுப் பாங்கு சொல்வார்கள் என்று புகாரியில் வருகிறது. யாரோ ஒருவர் சொல்கிறார். அவர்கள் ஊருக்குச் சொல்கிறார்கள். அவ்வளவுதான் அவர்களுக்குத் தேவைப்பட்டது. நாயகம் (ஸல்) அவர்கள் போருக்குப் புறப்பட்டபோது, மதீனாவில் தம் பிரதிநிதியாகத் தொழுவிக்கவும் அவர்களை நிறுத்திச் சென்றதுண்டு.

ஜும்ஆ கடமையில்லை என்பது பார்வையற்றவருக்கு அல்லாஹ் வழங்கிய இலேசு. அதை எடுத்துக்கொள்வதும் விடுவதும் அவர் உரிமை. நாமோ அதை நம் வசதிக்காக அவர்மீது பூட்டாக மாட்டிவிட்டோம். "உனக்குத்தான் கடமையில்லையே, வீட்டில் இரு" என்று சொல்லப்பட்டவர்கள் எத்தனை பேர்!

எங்கள் ஊரில் ஒரு பெண் இருக்கிறாள். வயது பத்தொன்பது. பார்வை கிடையாது. நல்ல கிராஅத். பன்னிரண்டாம் வகுப்பில் பாதியோடு நின்றுவிட்டாள். வீட்டைவிட்டு அவள் வெளியே வருவது கல்யாண வீடுகளுக்கும் மௌத்து வீடுகளுக்கும் மட்டுமே, அதுவும் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு. நான் லண்டன் கதையை அவள் தாயாரிடம் சொன்னேன். அந்த அம்மையார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது லண்டன், ஹஜ்ரத். நம் தெருவில் சாக்கடைக்கு மூடி இல்லை" என்றார். என்னிடம் பதில் இல்லை. அவருடைய அச்சத்தை இலேசாக எண்ணவும் என்னால் முடியவில்லை. பெண்பிள்ளை என்பதால் அவருக்கு இருக்கும் இன்னோர் அச்சத்தை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, எனக்குப் புரிந்தது.

ஆனால் ஒன்று செய்ய முடிந்தது. அந்த வீட்டில் அண்ணனிடம் ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு கைப்பேசி இருந்தது. அதன் அமைப்புப் பகுதியில் அணுகல்தன்மை என்றொரு பிரிவு உண்டு. அதில் 'டாக்பேக்' என்பதை இயக்கினால், விரல் படும் இடத்தில் உள்ளதைக் கைப்பேசி வாய்விட்டுப் படிக்கும்; தமிழிலும் படிக்கும். காசு கிடையாது. ஐந்து ஆண்டுகளாக அந்தக் கைப்பேசி அந்த வீட்டில் இருக்கிறது. அதற்குப் பேசத் தெரியும் என்பது யாருக்கும் தெரியவில்லை. என் மாணவர்தான் தொலைபேசியில் இரண்டு மணி நேரம் பேசி அவளுக்குக் கற்றுக்கொடுத்தார். இதைப் படிக்கும் வீடுகளில் பார்வை குன்றிய பெரியவர்களோ பிள்ளைகளோ இருந்தால், முதலில் இதைச் செய்து பாருங்கள். டென்மார்க்கில் 2015 இல் தொடங்கிய 'பீ மை ஐஸ்' என்றொரு செயலியும் உண்டு. பார்வையற்றவர் கேமராவைத் திறந்தால், உலகில் எங்கோ இருக்கும் ஒரு தொண்டர் பார்த்துச் சொல்வார். நீங்கள் தொண்டராகப் பதிந்துகொள்ளலாம். வீட்டில் இருந்தபடியே இரண்டு நிமிடம் கண்ணை இரவல் கொடுப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

செயலிகளைப் பற்றி இவ்வளவு எழுதினாலும், அவற்றை முழுதும் நம்பி நடைமேடையின் விளிம்புக்குப் போகக்கூடாது என்பதை என் மாணவர் அழுத்திச் சொன்னார். பேட்டரி தீர்ந்துவிடும். ஒரு வாயிலை மூடியிருப்பார்கள். செயலிக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். "தடிதான் முதலில், ஹஜ்ரத். கைப்பேசி அதற்குத் தம்பி" என்றார்.

அவர் விடுமுறையில் ஊருக்கு வரும்போது எங்கள் பள்ளிவாசலுக்குத் தனியே வர விரும்பினார். பள்ளி இடித்துக் கட்டப்பட்டுவிட்டதால் அவருடைய பழைய கணக்குப் பயன்படாது. "வழியைப் பேசிப் பதிவு செய்து அனுப்புங்கள், வேஃபைண்டர்காரர்கள் செய்த வேலைதான்" என்றார். சுரங்க நிலையமா என்ன, அறுபது எட்டு வைத்தால் முடிகிற வழிதானே என்று எண்ணி, ஒரு நாள் லுஹருக்குப் பின் கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு தெருமுனையிலிருந்து பேசியபடியே நடந்தேன். திரும்பக் கேட்டபோது எனக்கே வெட்கமாயிற்று. "இங்கே", "அப்புறம்", "கொஞ்ச தூரம்" என்பவற்றை நீக்கினால் மிஞ்சியது ஒன்றுமில்லை.

மறுநாள் கண்ணை மூடிக்கொண்டு நடந்தேன். எட்டாவது அடியில் முழங்கால் ஒரு மோட்டார் சைக்கிளில் மோதியது. ஜமாஅத்துக்கு வருகிறவர்கள் வாயிலை அடைத்து நிறுத்திவிட்டுப் போகும் வண்டி. அதைத் தாண்டினால் படியின் கீழே செருப்புக் குவியல். இத்தனை ஆண்டுகளாக அதை நான் தினமும் ஐந்து முறை தாண்டிப் போயிருக்கிறேன். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று மேடையில் பேசியும் இருக்கிறேன்.

மூன்றாவது முறை ஓரளவு தேறியது. டீக்கடையின் எண்ணெய் மணம், பிறகு கால் மண்ணிலிருந்து சிமெண்டுக்கு மாறும் இடம், கைப்பிடிக் கம்பி, நான்கு படி, வாசலில் மின்விசிறிக் காற்று முகத்தில் படுவது, ஹவுளில் தண்ணீர் விழும் ஓசை. பதிவை அனுப்பி வைத்தேன். இரவில் பதில் வந்தது.

"நன்றாக இருக்கிறது, ஹஜ்ரத். ஆனால் ஹவுளின் ஓசை வலப்பக்கமா, இடப்பக்கமா என்று சொல்லவில்லை. தண்ணீர் திறந்திருக்காத நேரத்தில் நான் எதை வைத்துத் திரும்புவது? 'இப்படியே' என்று இன்னும் மூன்று இடத்தில் வருகிறது. மறுபடி ஒருமுறை நடந்து பாருங்கள்."

வண்டிகளைப் பற்றி முத்தவல்லி அவர்களிடம் பேசியிருக்கிறேன். வருகிற வியாழன் அஸருக்குப் பின், இன்ஷா அல்லாஹ், மறுபடி நடக்க இருக்கிறேன்.